நண்பர் ஒரு டெக் பங்கு சொன்னால், வாங்குமுன் அதை எப்படிச் சோதிப்பது?

கேள்வி இது: “ஏழெட்டு நண்பர்கள் சேர்ந்து ஐடி, சாஃப்ட்வேர் பங்குகளைப் பற்றிப் பேசிக்கொள்கிறோம். வாரத்துக்கு ஒரு பெயராவது வந்துவிடுகிறது. கேட்கும்போது எல்லாமே நன்றாகத்தான் தெரிகிறது. ஒருவர் சொல்லும் பங்கை மற்றவர்கள் எப்படிச் சோதிப்பது? எதைப் பகிர்ந்துகொள்ளலாம், எதில் சட்டச் சிக்கல் வரும்?”

முதல் வேலையாக, வெறும் பெயரைச் சொல்வதை நிறுத்துங்கள். “இந்த மிட்கேப் (நடுத்தர அளவு) ஐடி பங்கைப் பாருங்க, இன்னும் நல்லா போகும்” என்பதில் சோதிக்க எதுவும் இல்லை. ஏறினால் சொன்னவருக்குப் பெயர் கிடைக்கும். இறங்கினால் சந்தை சரியில்லை என்று பேச்சு முடிந்துவிடும். பங்கைக் கொண்டுவருபவர் மற்றவர்கள் உடைத்துப் பார்க்கும்படி அதை எழுதிக் கொண்டுவர வேண்டும். பத்து வரி போதும். ஒரு கற்பனை நிறுவனத்தை வைத்து எழுதினால் குறிப்பு இப்படி இருக்கும்:

“என்ன வேலை: அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு சாஃப்ட்வேர் எழுதிப் பராமரிப்பது, முதல் ஐந்து வாடிக்கையாளர்களிடமிருந்து 58 சதவீத வருவாய். ஏன் இப்போது: இரண்டு பெரிய ஒப்பந்தங்களின் வேலை அடுத்த காலாண்டில் தொடங்குகிறது. எண்கள்: ஆண்டு வருவாய் 1,000 கோடி, நிகர லாபம் 130 கோடி. விலை: சந்தை மதிப்பு 6,500 கோடி, பி/இ (சந்தை மதிப்பை நிகர லாபத்தால் வகுத்தது) 50. எது நடந்தால் என் கணிப்பு தவறு: அடுத்த மார்ச் கணக்கில் வசூல் நாட்கள் 100க்குக் கீழே வராவிட்டால், முதல் வாடிக்கையாளர் வேலையைக் குறைத்தால். என்னிடம் இருப்பது: 300 பங்கு, சராசரி விலை 612 ரூபாய்.”

கடைசி இரண்டு வரிகளைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அவைதான் மிக முக்கியம். தன்னிடம் எவ்வளவு இருக்கிறது, என்ன விலைக்கு வாங்கினார் என்று சொல்லாதவரின் யோசனையை எடுத்துக்கொள்ளாதீர்கள். 612க்கு வாங்கி 812இல் பேசுபவருக்கும் இன்று 812க்கு வாங்கப்போகும் உங்களுக்கும் ரிஸ்க் ஒன்றல்ல; பங்கு 700க்கு வந்தாலும் அவர் லாபத்தில் இருப்பார். “எது நடந்தால் தவறு” என்ற வரியும் அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும். “நிர்வாகம் சரியில்லாமல் போனால்” என்று எழுதினால் அதை யாரும் அளக்க முடியாது. தேதியும் எண்ணும் இருந்தால்தான் அந்த நாள் வரும்போது தட்டிக்கழிக்க முடியாது.

இனி சோதனைக்கு வருவோம். ஐடி சேவை நிறுவனம் என்றால் வருவாய் வளர்ச்சியை மூன்றாகப் பிரித்துப் பார்ப்பதில் தொடங்குங்கள்: எவ்வளவு ரூபாய் சரிவால் வந்தது, எவ்வளவு இன்னொரு நிறுவனத்தை வாங்கியதால் வந்தது, எவ்வளவு உண்மையில் புதிதாக விற்றது.

ரூபாய்க் கணக்கு எளிது. போன வருடம் 10 கோடி டாலர் வருவாய், டாலர் 80 ரூபாய். ஆக 800 கோடி. இந்த வருடம் 10.2 கோடி டாலர், டாலர் 84 ரூபாய், 856.8 கோடி. செய்தியில் “வருவாய் 7 சதவீதம் உயர்வு” என்று வரும். விற்பனை வளர்ந்தது 2 சதவீதம்தான். இதனால்தான் இந்த நிறுவனங்கள் நாணய ஏற்ற இறக்கத்தை நீக்கிய வளர்ச்சியைத் தனியாகத் தருகின்றன. ரிசல்ட்டோடு வரும் பிரஸ் ரிலீஸில் ‘கான்ஸ்டன்ட் கரன்சி’ என்ற வரி அதுதான். யூரோ, பவுண்டு ஏறி இறங்குவதையும் அது நீக்கிவிடும் என்பதால் டாலர் வளர்ச்சியைவிட அதுவே நம்பத்தக்கது. சின்ன நிறுவனங்களில் பல இதைத் தருவதில்லை. அப்போது சராசரி டாலர் மதிப்பை எடுத்து நீங்களே மேலே உள்ள கணக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

நிறுவனத்தை வாங்கி வளர்வது மிட்கேப் ஐடியில் சாதாரணம், அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் வாங்கிய நிறுவனத்தின் வருவாய் எந்தத் தேதியிலிருந்து சேர்ந்தது என்று பார்க்காமல் “30 சதவீத வளர்ச்சி” என்று பேசக்கூடாது. ஆண்டறிக்கையில் வணிகக் கையகப்படுத்தல் பற்றிய குறிப்பில் தேதி, கொடுத்த விலை, இனிமேல் கொடுக்க வேண்டிய பாக்கி மூன்றும் இருக்கும்.

ஒருமுறை மட்டும் வரும் வருவாய்க்கு நல்ல உதாரணம் டிசிஎஸ். 2023 மே மாதம் பிஎஸ்என்எல்லின் 4ஜி வேலைக்காக அது தலைமை தாங்கிய கூட்டமைப்புக்கு ஏறக்குறைய 15,000 கோடி ரூபாய் ஆர்டர் கிடைத்தது. கருவிகள் வாங்கி நிறுவும் வேலை அதில் அதிகம். வழக்கமான சாஃப்ட்வேர் சேவையின் மார்ஜின் (வருவாயில் லாபத்தின் விகிதம்) அதில் கிடைக்காது. அந்த வேலை நடந்த காலத்தில் இந்தியப் பிரிவின் வருவாய் வேகமாக உயர்ந்தது. வேலை வடிந்ததும் 2025 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் நிறுவனத்தின் மொத்த வருவாய், நாணய மாற்றத்தை நீக்கிப் பார்த்தால், முந்தைய ஆண்டைவிட 3.1 சதவீதம் குறைந்தது. இதை டிசிஎஸ் மறைக்கவில்லை. பிரதேசவாரி அட்டவணையில் எல்லாம் இருந்தது. அதைப் பார்க்காமல் மொத்த எண்ணை மட்டும் பார்த்தவர்கள் இரண்டு திசையிலும் தவறாகப் படித்தார்கள்.

ஒப்பந்தச் செய்திகளையும் இப்படியே பிரியுங்கள். “500 கோடி டீல்” என்றால் எத்தனை வருடத்துக்கு? ஐந்து வருடமென்றால் வருடத்துக்கு 100 கோடி. அதில் 60 சதவீதம் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலையின் புதுப்பிப்பு என்றால் புதிதாகச் சேர்வது 40 கோடி. இன்ஃபோசிஸ் போன்றவை பெரிய ஒப்பந்தங்களில் எத்தனை சதவீதம் புதிது என்று சொல்கின்றன. சொல்லாத நிறுவனங்களிடம் கான்காலில் (ரிசல்ட்டுக்குப் பின் நிர்வாகம் ஆய்வாளர்களோடு நடத்தும் தொலைபேசி உரையாடலில்) யாராவது கேட்டிருப்பார்கள். கான்கால் எழுத்து வடிவம் ஐந்து வேலை நாட்களுக்குள் பங்குச்சந்தை தளத்தில் வந்தாக வேண்டும். கேள்வி–பதில் பகுதியை மட்டும் படித்தாலும் போதும். ஒரே கேள்வியை மூன்று பேர் மாற்றி மாற்றிக் கேட்டும் எண்ணாகப் பதில் வரவில்லையென்றால் அதைக் குறித்துவையுங்கள்.

எதிர்காலத்தைப் பற்றி உறுதியாகப் பேசுபவர்களுக்கு ஒரு எண்ணை நினைவூட்டுங்கள். 2023 ஏப்ரலில் இன்ஃபோசிஸ் அந்த நிதியாண்டுக்குச் சொன்ன வளர்ச்சி 4 முதல் 7 சதவீதம். ஜூலையிலேயே அது 1 முதல் 3.5 ஆனது. ஆண்டு முடிவில் வந்தது 1.4 சதவீதம். வாடிக்கையாளர்களோடு தினமும் பேசும் நிர்வாகத்தாலேயே மூன்று மாதம் முன்னால் பார்க்க முடியவில்லை. ஆகவே குறிப்பில் “அடுத்த மூன்று வருடம் 25 சதவீதம் உறுதி” என்று இருந்தால் “உறுதி”யை அடித்துவிடுங்கள்; 12 சதவீதம் வந்தால் இந்த விலை தாங்குமா என்று கேளுங்கள்.

வருவாய், லாபம் இரண்டையும்விடப் பணம் வந்ததா என்பதுதான் பெரிய கேள்வி. மேலே எழுதிய கற்பனை நிறுவனத்தையே எடுத்துக்கொள்வோம். போன வருடம் வருவாய் 800 கோடி. ஆண்டு முடிவில் வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி 140 கோடி, வேலை முடிந்தும் இன்னும் பில் போடாத வருவாய் 40 கோடி, சேர்த்து 180. 180ஐ 800ஆல் வகுத்து 365ஆல் பெருக்கினால் 82 நாட்கள். விற்றதற்குப் பணம் கைக்கு வர ஆகும் இந்தக் காலம்தான் வசூல் நாட்கள். இந்த வருடம் வருவாய் 1,000 கோடி. பாக்கி 240, பில் போடாதது 110, சேர்த்து 350. வசூல் நாட்கள் 128.

இதன் பொருள் என்ன? வருவாய் 200 கோடி கூடியது, ஆனால் வரவேண்டிய பணம் 170 கோடி கூடியிருக்கிறது. கூடிய விற்பனையில் பெரும்பகுதி காகிதத்திலேயே இருக்கிறது. நிகர லாபம் 130 கோடி என்று இருக்கும். பணவரத்து அறிக்கையில் செயல்பாட்டிலிருந்து வந்தது 45 கோடிதான் என்று இருக்கும். 25 சதவீத வளர்ச்சி என்ற தலைப்பு சரி, பங்கு ஏறியதும் சரி, ஆனால் வாங்க வேண்டிய இடம் இது அல்ல. ஒரு வருடம் இப்படி ஆவதற்கு நியாயமான காரணம் இருக்கலாம். புதிய அரசு வாடிக்கையாளர் மெதுவாகப் பணம் தருவார். இரண்டு, மூன்று வருடம் தொடர்ந்தால் காரணம் கேட்பதோடு நிற்காமல் ஒதுங்கிவிடுங்கள்.

இங்கே கவனிக்க மூன்று இடங்கள் உண்டு. பலர் பாக்கியை மட்டும் எடுத்துக் கணக்கிடுவார்கள். பில் போடாத வருவாய் ‘பிற நிதிச் சொத்துகள்’ அல்லது ‘ஒப்பந்தச் சொத்துகள்’ என்ற தலைப்பில் ஒளிந்திருக்கும், அதையும் சேர்க்க வேண்டும். இரண்டாவது, 2021–22 நிதியாண்டிலிருந்து ஆண்டறிக்கையில் பாக்கியின் வயது அட்டவணை கட்டாயம்: ஆறு மாதத்துக்குள், ஆறு மாதம் முதல் ஒரு வருடம், அதற்கு மேல், மூன்று வருடத்துக்கு மேல் என்று பிரித்திருப்பார்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட பாக்கி கூடிக்கொண்டே போய், அதற்கு ஒதுக்கீடு கூடவில்லையென்றால் வருங்கால லாபத்தில் ஓட்டை விழப்போகிறது. மூன்றாவது, பட்டியலிட்ட நிறுவனங்கள் சொத்து–பொறுப்பு அறிக்கையையும் பணவரத்தையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் தர வேண்டும். செப்டம்பர், மார்ச் ரிசல்ட்டோடு வரும். டிசம்பர் காலாண்டில் “பிரமாதமான ரிசல்ட்” வந்து பங்கு தாவினால், பெரும்பாலான சிறு நிறுவனங்களில் பணம் வந்ததா என்று பார்க்க மே மாதம் வரை வழியில்லை. அந்த இடைவெளியில் யோசனை சொல்பவர் அதையும் சொல்ல வேண்டும்.

பணம் இருப்பதாகக் கணக்கில் காட்டினால் மட்டும் போதாது என்பதற்கு ஐடி நிறுவனமான சத்யம் நிரந்தரச் சாட்சி. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தின்படி, 2008 செப்டம்பர் 30 கணக்கில் காட்டிய 5,361 கோடி ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை. அந்தக் காலாண்டில் 2,700 கோடி வருவாய், 24 சதவீத மார்ஜின் என்று காட்டினார்கள். கடிதத்தின்படி உண்மை 2,112 கோடியும் 3 சதவீதமும். தணிக்கை செய்தது உலகப் பெயர் பெற்ற நிறுவனம். பங்கு அன்று ஒரே நாளில் முக்கால்பங்குக்கு மேல் இழந்தது. வங்கிக் கணக்கை வெளியாள் சரிபார்க்க முடியாது என்பது உண்மை. ஆனால் புரமோட்டரின் (நிறுவனத்தைத் தொடங்கிக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவரின்) பங்கு வருடா வருடம் குறைந்துகொண்டே வந்தது பொதுத்தகவல். 2008 டிசம்பர் 16 அன்று குடும்பத்தாரின் மேடாஸ் நிறுவனங்களை 160 கோடி டாலருக்கு வாங்க முடிவெடுத்து, எதிர்ப்பு வந்ததும் சில மணி நேரத்தில் கைவிட்டார்கள். அதற்கும் கடிதத்துக்கும் நடுவே மூன்று வாரம் இருந்தது. அடமானம் வைத்த பங்குகளின் விவரத்தை புரமோட்டர்கள் வெளியிட வேண்டும் என்ற கட்டாயம் சத்யத்துக்குப் பிறகுதான் வந்தது. இன்று காலாண்டு முடிந்து 21 நாட்களுக்குள் வரும் பங்குதாரர் பட்டியலில் அந்தப் பத்தி இருக்கிறது. ஒரு நிமிட வேலை, கட்டாயம் பாருங்கள்.

சிறு நிறுவனங்களைச் சோதிக்க அதிகம் பேர் பயன்படுத்தாத ஒரு வழி இருக்கிறது. இபிஎஃப்ஓ (ஊழியர் வருங்கால வைப்பு நிதி அமைப்பு) தளத்தில் நிறுவனத் தேடல் பக்கத்தில் பெயரைப் போட்டால், எந்த மாதச் சம்பளத்துக்கு, எத்தனை ஊழியர்களுக்கு, எவ்வளவு பிஎஃப் கட்டியிருக்கிறார்கள் என்று தெரியும். “1,200 எஞ்சினியர்கள்” என்று முதலீட்டாளர்களுக்குக் காட்டும் நிறுவனம் 140 பேருக்கு பிஎஃப் கட்டினால் கேள்வி கேட்க வேண்டும். அவசரப்பட்டு முடிவெடுக்காதீர்கள்: ஒரே நிறுவனத்துக்கு ஊருக்கு ஊர் தனி எண் இருக்கலாம், துணை நிறுவனத்தின் பெயரில் ஆட்கள் இருக்கலாம், வெளிநாட்டு ஊழியர்கள் இதில் வரமாட்டார்கள். எல்லா எண்களையும் கூட்டிய பிறகும் இடைவெளி பெரிதாக இருந்தால்தான் அது சிவப்புக்கொடி. இதேபோல கிரிசில், இக்ரா, கேர் போன்ற மதிப்பீட்டு நிறுவனங்கள் வங்கிக் கடனுக்காக எழுதும் காரணக் குறிப்பு இலவசமாகக் கிடைக்கும். வங்கிக் கடன் வரம்பில் எத்தனை சதவீதம் பயன்படுத்துகிறார்கள் என்பது அதில் இருக்கும். கையில் ரொக்கம் நிறைய இருப்பதாகக் காட்டிக்கொண்டே கடன் வரம்பில் 90 சதவீதத்துக்கு மேல் பயன்படுத்தும் நிறுவனத்தில் ஏதோ பொருந்தவில்லை.

சாஃப்ட்வேர் பொருள் விற்கும் நிறுவனங்களில் வேறொரு வலை. பொருளை உருவாக்கும் எஞ்சினியர்களின் சம்பளத்தில் ஒரு பகுதியைச் செலவாகக் காட்டாமல் சொத்தாக எழுதிவைக்கக் கணக்கியல் விதிகள் அனுமதிக்கின்றன. ‘உருவாக்கத்தில் உள்ள அருவச் சொத்துகள்’ என்ற வரியைப் பாருங்கள். 60 கோடி சம்பளம் அங்கே போனால், பழைய பொருள்களின் தேய்மானத்தைக் கழிக்குமுன் லாபம் 60 கோடி கூடித் தெரியும். செயல்பாட்டுப் பணவரத்தும் அதே அளவு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அந்தப் பணம் ‘முதலீட்டுச் செலவு’ பக்கத்தில் போய்விடுகிறது. ஆகவே பொருள் நிறுவனத்துக்குச் செயல்பாட்டுப் பணவரத்தில் அருவச் சொத்துகளுக்குச் செய்த செலவையும் கழித்துவிட்டே பேசுங்கள். அமெரிக்கச் சந்தையில் உள்ள நிறுவனங்கள் என்றால், ஊழியர்களுக்குப் பங்காகக் கொடுக்கும் சம்பளத்தைச் சேர்க்காமல் காட்டும் ‘சரிசெய்த லாப’த்தை நம்பி பி/இ போடாதீர்கள். அந்தப் பங்குகள் உங்கள் பங்கின் அளவைத்தான் குறைக்கின்றன.

நல்ல நிறுவனம் என்பது முடிவானாலும் விலைக் கேள்வி பாக்கி. 2010இல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பர் 22 அன்று நாஸ்டாக்கில் 36 டாலர் வெளியீட்டு விலையில் பட்டியலானது. முதல் வர்த்தகமே 43.50இல் நடந்தது. 2021இல் ஏறக்குறைய 37 கோடி டாலராக இருந்த வருவாய் 2022இல் 50 கோடியை நெருங்கியது. மூன்றில் ஒரு பங்கு வளர்ச்சி. அதே 2022இல் பங்கு வெளியீட்டு விலையில் பாதிக்கும் கீழே இறங்கியது. தொழில் வளர்ந்துகொண்டிருக்கும்போதே அமெரிக்க வட்டி உயர்ந்தது. வளர்ச்சிக்காகச் சந்தை கொடுக்கத் தயாராக இருந்த விலை சுருங்கிவிட்டது. “கம்பெனி நல்ல கம்பெனி” என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை, ஆனாலும் வாங்கியவர் பணம் இழந்தார்.

விலையைச் சோதிக்கப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள். நம் கற்பனை நிறுவனம்: சந்தை மதிப்பு 6,500 கோடி, லாபம் 130 கோடி, பி/இ 50. ஐந்து வருடம் வைத்திருந்து வருடத்துக்கு 15 சதவீதம் வேண்டுமென்றால் மதிப்பு இரட்டிப்பாக வேண்டும். ஏறக்குறைய 13,000 கோடி. ஐந்து வருடம் கழித்து வளர்ச்சி நிதானமாகி பி/இ 25 ஆகும் என்று வைத்தால் அப்போது லாபம் 520 கோடி இருக்க வேண்டும். 130 என்பது 520 ஆக வருடத்துக்கு 32 சதவீதம் வளர வேண்டும், ஐந்து வருடமும் விடாமல். இப்போது நண்பரிடம் கேட்க வேண்டிய கேள்வி தானாகவே கிடைத்துவிடுகிறது: இந்தத் துறையில் இந்த அளவில் 32 சதவீதம் ஐந்து வருடம் வளர்ந்தது யார், இவர்களால் ஏன் முடியும்? பதில் பலமாக இருந்தால் வாங்கலாம். பதிலே இல்லையென்றால் அந்த விலை உங்களுக்கானதல்ல. பெயரைப் பட்டியலில் வைத்துக்கொண்டு காத்திருங்கள்.

பெயரில் ‘டெக்’, ‘ஏஐ’, ‘செமிகண்டக்டர்’ இருப்பதால் மட்டும் ஏறும் பங்குகள் எல்லாக் காலத்திலும் உண்டு. 1999–2000 சாஃப்ட்வேர் அலையில் பங்குத் தரகர் கேதன் பாரேக்கின் கைப்பட்டுப் பறந்த பங்குகளில் சென்னையைச் சேர்ந்த பென்டாஃபோர், டிஎஸ்கியூ சாஃப்ட்வேர், எஸ்எஸ்ஐ ஆகியவையும் இருந்தன. 2001 சரிவில் இங்கே பல குடும்பங்களின் சேமிப்பு போனது. இப்போது பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் பட்டியலிடல் விதிகளில் 45ஆவது விதி உள்ளது. புதிய தொழிலைச் சொல்லும்படி பெயர் மாற்ற வேண்டுமென்றால், முந்தைய ஒரு வருட வருவாயில் குறைந்தது 50 சதவீதம் அந்தத் தொழிலில் வந்திருக்க வேண்டும், அல்லது சொத்துகளில் பாதியாவது அதில் போடப்பட்டிருக்க வேண்டும். இரண்டாவது வழியைக் கவனியுங்கள்: வருவாய் இல்லாமலேயே பெயர் மாறலாம். பெயர் சமீபத்தில் மாறியிருந்தால் பிரிவுவாரி வருவாயைத் திறந்து, அந்தப் புதிய தொழில் எத்தனை கோடி கொண்டுவந்தது என்று பாருங்கள்.

ஸ்மால்கேப் (சிறு நிறுவனப் பங்கு) என்றால் உங்கள் குழுவே ஒரு ரிஸ்க். என்எஸ்இ தளத்தில் தினமும் டெலிவரி அளவு (அன்றே திருப்பி விற்காமல் கைமாறிய பங்குகள்) வருகிறது. ஒரு பங்கில் நாளுக்கு 40 லட்சம் ரூபாய் வர்த்தகம், அதில் பாதி டெலிவரி என்றால் உண்மையில் கைமாறுவது 20 லட்சம். எட்டுப் பேரும் சேர்ந்து 60 லட்சத்துக்கு வாங்கிவிட்டீர்கள். விலையைச் சாய்க்காமல் டெலிவரியில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நாளுக்கு 4 லட்சம் விற்கலாம் என்று வைத்தாலும் வெளியே வர 15 வர்த்தக நாட்கள், மூன்று வாரம். அதுவும் நல்ல நாட்களில். கெட்ட ரிசல்ட் வந்தால் பங்கு 5 சதவீத லோயர் சர்க்யூட்டில் (ஒரு நாளில் விலை இறங்க அனுமதித்த எல்லையில்) பூட்டிக்கொள்ளும். விற்பவர் வரிசையில் நிற்பார்கள், வாங்க ஆளே இருக்காது. அங்கே ஸ்டாப் லாஸ் (குறித்த விலைக்கு இறங்கினால் தானாக விற்கும் ஆர்டர்) வேலை செய்யாது. பங்கு கூடுதல் கண்காணிப்புப் பட்டியலிலோ, டெலிவரி மட்டும் அனுமதிக்கும் பிரிவிலோ இருக்கிறதா என்பதையும் வாங்குமுன் பாருங்கள். குழுவின் மொத்த இருப்பு சராசரி டெலிவரியில் மூன்று நாளுக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்வது நல்லது.

சட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பொதுத்தகவலை வைத்து நண்பர்கள் தங்கள் கருத்தைப் பேசிக்கொள்வதில் தடையில்லை. பணம் வாங்கிக்கொண்டு பரிந்துரை செய்வதற்குத்தான் செபியில் பதிவு வேண்டும். ஆராய்ச்சி ஆய்வாளரின் பதிவு எண் ஐஎன்எச் என்றும் முதலீட்டு ஆலோசகரின் எண் ஐஎன்ஏ என்றும் தொடங்கும். எண்ணைச் செபி தளத்தில் சரிபாருங்கள், அனுப்பிய படத்தை நம்பாதீர்கள். எங்கிருந்தோ ஃபார்வர்ட் ஆகி வரும் “ஆபரேட்டர் நுழைந்துவிட்டார், டார்கெட் 200” வகைச் செய்தியை உங்கள் குழுவுக்குள் விடவே விடாதீர்கள். முதலில் வாங்கிவைத்துவிட்டுச் செய்தி பரப்பி, ஏறும்போது உங்களிடம் விற்பதுதான் அதன் முறை. 2022 ஜனவரியில் ஒரு டெலிகிராம் சேனல் மீதும், 2023 மார்ச்சில் சாதனா பிராட்காஸ்ட் பங்கைப் பற்றிப் பொய்யான யூடியூப் வீடியோக்கள் போட்டவர்கள் மீதும் செபி உத்தரவு போட்டது இதற்காகத்தான்.

ஐடி ஊழியர்கள் நிறைந்த குழுக்களில் இதைவிடப் பெரிய ஆபத்து வேறு. “எங்க ப்ராஜெக்ட்ல பெரிய டீல் கையெழுத்தாகப்போகுது, இன்னும் வெளிய வரல” என்று ஒருவர் சொல்கிறார். அந்த டீல் விலையைப் பாதிக்கும் அளவுக்குப் பெரிதென்றால் அது வெளியிடப்படாத விலைத் தகவல். 2015ஆம் ஆண்டின் உள்தகவல் வர்த்தகத் தடை விதிகளின்படி அதைச் சொன்னவர் மட்டுமல்ல, அதை வைத்துக்கொண்டு வாங்கியவரும் குற்றவாளி. அபராதம் குறைந்தது 10 லட்சம். 25 கோடி அல்லது சம்பாதித்ததில் மூன்று மடங்கு, எது அதிகமோ அதுவரை போகலாம். பட்டியலிட்ட நிறுவனத்தில் குறிப்பிட்ட பொறுப்பில் இருப்பவருக்குக் காலாண்டு முடிவிலிருந்து ரிசல்ட் வந்து 48 மணி நேரம் ஆகும்வரை வர்த்தக சன்னல் மூடியிருக்கும், அதாவது அந்தப் பங்கை அவர் வாங்கவோ விற்கவோ கூடாது; அவருடைய வாழ்க்கைத்துணைக்கும் அது பொருந்தும். இதைச் சமாளிக்க எளிய விதி: யாரும் தான் வேலை செய்யும் நிறுவனத்தைப் பற்றியோ தன் வாடிக்கையாளர் நிறுவனத்தைப் பற்றியோ பேசுவதில்லை. நல்லது, கெட்டது எதுவும். வேலை செய்யும் இடத்தின் ஆள் குறைப்புச் செய்திகூட அப்படிப்பட்டதாக இருக்கலாம்.

அமெரிக்கப் பங்குகளைப் பேசினால் இரண்டு விஷயம் போதும். நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் வரியாக முன்கூட்டிப் பிடிக்கும், அதை வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம். வெளிநாட்டுப் பங்குகளை வருமான வரிக் கணக்கின் எஃப்ஏ (வெளிநாட்டுச் சொத்துகள்) அட்டவணையில் காலண்டர் ஆண்டுக் கணக்கில் காட்ட வேண்டும். வேலை செய்யும் அமெரிக்க நிறுவனம் கொடுத்த பங்குகளும் அதில் அடங்கும் என்பதைப் பலர் மறக்கிறார்கள்.

குழுவை நடத்துவதில் ஒரு ஏற்பாடு மிகவும் பலன் தரும். ஒவ்வொரு பங்குக்கும் அதை எதிர்த்து வாதாட ஒருவரை முன்கூட்டியே நியமியுங்கள், முறை வைத்து. அவர் அந்தப் பங்கை வைத்திருக்கக்கூடாது. பணவரத்து, பாக்கியின் வயது, புரமோட்டர் அடமானம், தொடர்புடையவர்களோடு நடந்த கொடுக்கல் வாங்கல், விலைக் கணக்கு ஆகியவற்றை அவர் ஒரு வாரத்துக்குள் எழுதித் தர வேண்டும். அதுவரை யாரும் வாங்குவதில்லை. ஒரு வாரத்தில் பங்கு 10 சதவீதம் ஏறிவிடுமே என்றால், ஏறட்டும். ஐந்து வருடம் வைத்திருக்கும் யோசனைக்கு அது பெரிய இழப்பில்லை, அவசரத்தில் வாங்கும் தவறான பங்கு அதைவிட அதிகம் எடுத்துக்கொள்ளும். ஒரு வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம் வரி என்பதும், வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1 சதவீதம் எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி) என்பதும் அடிக்கடி மாற்றுபவரின் கணக்கில்தான் வலிக்கும்.

எல்லாக் குறிப்புகளையும் ஒரே தாளில் சேருங்கள்: தேதி, சொன்னவர், அன்றைய விலை, அன்றைய நிஃப்டி ஐடி குறியீடு, “எது நடந்தால் தவறு” என்ற வரி. குறியீட்டை எழுதாமல் விட்டால், ஐடி பங்குகள் எல்லாமே 30 சதவீதம் ஏறிய வருடத்தில் 25 சதவீதம் ஏறிய பங்கு வெற்றியாகத் தெரியும். விற்பவரும் விற்ற அன்றே தேதி, காரணம் இரண்டையும் அதே தாளில் எழுத வேண்டும். வாங்கும்போது சொல்லிவிட்டு விற்கும்போது மௌனமாக இருப்பதால்தான் இத்தகைய நட்புகள் உடைகின்றன. மார்ச் கணக்குக்குக் கடைசி நாள் மே 30, செப்டம்பர் கணக்குக்கு நவம்பர் 14. அந்த இரண்டு தேதிகளுக்கு அடுத்து வரும் வாரத்தில் தாளைத் திறந்து, ஒவ்வொரு பங்கின் வசூல் நாட்களையும் பணவரத்தையும் புதிதாக எழுதி, முன்பு எழுதிய நிபந்தனை மீறப்பட்டதா என்று பாருங்கள்.